தமிழ்த் தலைப்பெழுத்துக்கு மாதிரி எங்கே தேடுவது? ஒரு விரிவான பதில்

கேள்வி இது: கேட்டவர் கிராஃபிக் டிசைனராக வேலை பார்க்கிறவர். ஆங்கிலத் தலைப்பு என்றால் பின்டரெஸ்டில் மாதிரிகள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழில் தேடினால் அதே சில சினிமா டைட்டில்களும் திருமணப் பத்திரிகைகளும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்து வடிவத்துக்கான யோசனைகளை எங்கே பிடிப்பது, பிடித்ததை வேலைக்குள் எப்படிக் கொண்டுவருவது?

முதலில் ஒன்று. பின்டரெஸ்டிலும், டிசைனர்கள் தங்கள் வேலையைப் பதிவிடும் பிஹான்ஸ் தளத்திலும் நீங்கள் பார்ப்பது முடிந்த வேலையை. அந்த எழுத்து ஏன் அப்படி வந்தது என்பது அதில் தெரியாது. எந்தக் கருவியால் எழுதினார்கள், எதன் மேல் எழுதினார்கள், எவ்வளவு இடம் இருந்தது என்ற மூன்றும் வெளிப்படையாகத் தெரிகிற மாதிரிகளைத் தேடுங்கள். அந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் எழுத்தைக் காப்பியடிக்க வேண்டியதில்லை. அதே காரணத்தை வைத்துப் புது எழுத்தை வரையலாம். இன்னொரு எச்சரிக்கை: இப்போது அந்தத் தளங்களில் செயற்கை நுண்ணறிவு வரைந்த 'தமிழ்' படங்கள் நிறைய வருகின்றன. பாதி எழுத்து எந்த மொழியிலும் கிடையாது. மாதிரி என்று சேமிக்கும் முன் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

தெருவில் தொடங்குவது நல்லது. ஃப்ளெக்ஸ் வந்து கையெழுத்துப் பலகைகள் பெரும்பாலும் போய்விட்டாலும், பள்ளிச் சுவர், அரசியல் கட்சிகளின் சுவர் விளம்பரம், கடை ஷட்டர், லாரியின் முகப்பு ஆகியவற்றில் பிரஷ் வேலை இன்னும் இருக்கிறது. சுவரில் எழுதுகிறவர் முதலில் நூல் அடித்து மேலும் கீழும் இரண்டு கோடு போடுவார். சாக்பீஸில் எழுத்துகளை இடம்பிரித்துக்கொள்வார். பிறகுதான் பட்டை பிரஷ். அந்த பிரஷ்ஷின் அகலம்தான் கோட்டின் தடிமன். முனை தட்டையாக இருப்பதால் கோட்டின் நுனி கத்தரித்தது போல நிற்கும். வளைவுகளில் பிரஷ்ஷைத் திருப்பாமல் இழுத்தால் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று பத்து சுவர்களில் குறித்துவந்தாலே போதும், கணினியில் செய்யும் செயற்கையான தடிப்புமெலிவு எங்கே பொய் சொல்கிறது என்று கண்ணுக்குப் பட்டுவிடும்.

ஒரு சொல்லை அருகில் வைத்துப் பார்ப்போம். எந்த ஊரிலும் இருக்கிற வாசகம்: 'இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்'. இதில் 'நோட்டீஸ்' மட்டும் போதும். 'ட' என்பது இடப்பக்கம் ஒரு நிமிர்ந்த கோடு, அடியில் ஒரு படுத்த கோடு. வலது மேல் மூலை முழுக்கக் காலி. டைப் செய்தால் பல ஃபான்ட்டுகள் அந்தக் காலியிடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் புள்ளியை எழுத்தின் தலைக்கு மேல் வைக்கும். கைதேர்ந்த பலகை எழுதுபவர் 'ட்'டின் புள்ளியை அந்தக் காலி மூலைக்குள்ளேயே இறக்கிவிடுவார். இதனால் இரண்டு லாபம்: ஓட்டை நிரம்புகிறது, மேல்கோட்டுக்கு வெளியே இடம் தேவைப்படுவதில்லை. அடுத்து வரும் 'டீ'யில் அதே மூலையை ஈகாரத்தின் கொம்பு நிரப்பிக்கொள்கிறது. ஆக 'ட்டீ' என்ற ஜோடி ஒரே அளவு நெருக்கத்தோடு நிற்கிறது. கடைசி 'ஸ்'ஸில் காலியிடம் இல்லாததால் புள்ளி மேலேதான் போயாக வேண்டும். அதற்காக 'ஸ'வைக் கொஞ்சம் குட்டையாக்குவார்கள். ஒரே சொல்லில் புள்ளிகள் இரண்டு உயரத்தில் நிற்பது தவறாகத் தெரியாது, சொல் இறுக்கமாகத் தெரியும். லோகோ வேலையில் இந்த ஒரு உத்தியை நேராகப் பயன்படுத்தலாம்.

வண்டிகளில் ரேடியம் ஸ்டிக்கர் எழுத்து வேறு வகைப் பாடம். அது கத்தி வெட்டும் எழுத்து. மெல்லிய கோடும் சின்னப் புள்ளியும் ஒட்டும்போதே உரிந்து வரும் என்பதால் புள்ளி பெரிதாகிறது, சில இடங்களில் சதுரமாகிறது, சுழிகள் அகலத் திறக்கின்றன. சின்ன அளவில் அச்சாகப்போகிற பேக்கேஜிங் லேபிளுக்கு இந்தத் தர்க்கம் அப்படியே பொருந்தும். சிவகாசி தீப்பெட்டி லேபிள்களையும் இதே கண்ணோடு பாருங்கள். இரண்டு மூன்று நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் தாளில், பெயர் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். வண்ணத்தைத்தான் எல்லோரும் பார்த்து ரசிக்கிறார்கள். எழுத்து அந்த இடத்துக்குள் எப்படி மடங்கியிருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

படம் எடுப்பதில் ஒழுங்கு வேண்டும். சுவருக்கு நேர் எதிரே நின்று, போனைச் சாய்க்காமல், சற்றுப் பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் ஓரத்து எழுத்துகள் அகலமாகிவிடும், பிறகு அளந்து பயனில்லை. முழுப் பலகை ஒன்று, சொல் ஒன்று, கோட்டின் நுனியும் மூட்டும் தெரிய ஒன்று என மூன்று படம். கோப்பின் பெயரில் ஊர், கருவி, பரப்பு, சொல் இவற்றை எழுதிவையுங்கள். 'ரெட்ரோ', 'விண்டேஜ்' என்று போல்டர் போட்டால் ஆறு மாதத்தில் எல்லாமே அதற்குள் போய்விடும். 'பட்டை பிரஷ்', 'கத்தி', 'உளி', 'ஈய அச்சு', 'நிப்' என்று கருவி வாரியாகப் பிரித்தால் தேடும்போது கைக்கு வரும்.

அடுத்து அச்சு. வரலாறு பிடித்தவர்களுக்கு 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கக் கிறித்தவச் சமய நூல் 'தம்பிரான் வணக்கம்' இருக்கிறது. கோவாவில் 1577இல் வார்த்த எழுத்தும் கொல்லத்தில் 1578இல் வார்த்த எழுத்தும் அந்தச் சிறு நூலிலேயே உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹாலேயில் செய்து தரங்கம்பாடி மிஷன் அச்சகத்துக்கு அனுப்பிய எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் அங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் வேலை, 1862இல் அங்கே வந்த வின்ஸ்லோ அகராதி, இவற்றில் சிறிய தமிழ் எழுத்து எவ்வளவு தெளிவாக நிற்க முடியும் என்று பார்க்கலாம். நெருக்கமான பட்டியல், கேட்டலாக், மருந்துக் குறிப்பு போன்ற வேலைக்கு அகராதிப் பக்கங்கள் நல்ல மாதிரி.

ஆனால் போஸ்டரும் அட்டையும் செய்கிறவருக்கு அதிகம் கிடைப்பது 1930களிலிருந்து 1970கள் வரையான வார, மாத இதழ்களில். அன்று தலைப்பை ஓவியர்களே வரைந்தார்கள். தொடர்கதை, சிறுகதை, கட்டுரை ஒவ்வொன்றுக்கும் புது எழுத்து. சரித்திரக் கதைக்கு ஒரு வகை, நகைச்சுவைக்கு ஒரு வகை. ஆனந்த விகடன், கல்கி பழைய இதழ்களில் கோபுலு, மணியம் படங்கள் வந்த பக்கங்களைத் திறந்தால் படத்தின் கோடும் தலைப்பின் கோடும் எப்படிச் சேர்ந்துபோகின்றன என்று தெரியும். சிற்றிதழ்ப் பக்கம் வந்தால், ஓவியர் கே. எம். ஆதிமூலம் இதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்த தலைப்பெழுத்துகள் கட்டாயம் பார்க்க வேண்டியவை. தமிழ் எழுத்தை அலங்காரம் செய்யாமலேயே நவீனமாக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. விளம்பரப் பக்கங்களையும் விடாதீர்கள். சோப்பு, தலைவலித் தைலம், கூந்தல் தைலம் எல்லாவற்றிலும் கையால் வரைந்த எழுத்துதான். சினிமா பாட்டுப் புத்தகங்களும் அப்படியே.

எங்கே கிடைக்கும்? சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பில் தொடங்கியது, நூல், இதழ் மட்டுமில்லாமல் நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் போன்ற துண்டுத் தாள்களும் உண்டு. வீட்டிலிருந்தே பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். ஈழத்து அச்சுக்கு நூலகம் நிறுவனத்தின் இணையத் திரட்டு; யாழ்ப்பாணத்து அச்சு வேலைக்குத் தனி மரபு உண்டு, ஆறுமுக நாவலர் 1849இல் அங்கே நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலையிலிருந்து அதைத் தொடரலாம். பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த இதழ்களை விலை குறைவாகத் தருவார்கள். நமக்கு உள்பக்கம்தானே வேண்டும்.

ஸ்கேன் கோப்புகளை நம்புவதில் ஒரு வரம்பு உண்டு. 10 பாயின்ட் எழுத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் முழு உயரம் 42 பிக்சல்தான். அதில் எழுத்தின் உடல் 20 பிக்சல் அளவுக்கு வரும். அந்த அளவில் கோட்டின் நுனி வட்டமா சதுரமா என்று சொல்லவே முடியாது. ஆகவே இணையப் பிடிஎஃப்களைத் தலைப்பு, விளம்பரம், பக்க அமைப்பு பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். பத்திகளில் வரும் சிறிய எழுத்தை ஆராய வேண்டுமானால் உண்மையான தாளை 1200 டிபிஐ, கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யுங்கள். அப்போதும் ஈய அச்சில் மை நசுங்கிப் பரவியிருக்கும், மூலைகள் உருண்டிருக்கும், தேய்ந்த எழுத்தில் சுழிகள் அடைத்திருக்கும். ஒரே பக்கத்தில் அதே எழுத்து வருகிற ஐந்தாறு இடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் இருப்பது வடிவம், ஒன்றில் மட்டும் இருப்பது மை.

பழைய அச்சைப் பார்த்து 'பாரம்பரிய' தோற்றம் கொண்டுவருகிறவர்கள் அதிகம் சறுக்குவது பழைய எழுத்துருவங்களில். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது மாறியவை 13 எழுத்துகள்தான்: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. பெரியார் 1935லிருந்து தன் இதழ்களில் இவற்றைப் பயன்படுத்திவந்தார். அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் தும்பிக்கை போல வளைந்த கோடு. ணா, றா, னா எழுத்தோடு ஒட்டிய ஒரே உருவம். இப்போது நடப்பது என்ன? மளிகைக் கடைப் பெயரிலோ காபிப் பொடி லேபிளிலோ 'லை'க்கு மட்டும் தும்பிக்கை போட்டுவிட்டு, அதே வரியில் 'னா'வைப் புதிய முறையில் விட்டுவிடுகிறார்கள். அது எந்தக் காலத்து எழுத்தும் இல்லை. இன்னும் மோசம், 'தை', 'வை', 'றை'க்கும் தும்பிக்கை வரைவது. அவற்றுக்கு அது என்றைக்குமே இருந்ததில்லை. பழைய உருவம் வேண்டுமென்றால் 13க்கும் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றுக்கும் வேண்டாம். யூனிகோடில் இவற்றுக்குத் தனிக் குறியீடு கிடையாது, ஃபான்ட்டுக்குள் மாற்று உருவமாகத்தான் இருக்க வேண்டும். வாங்கும் முன் ஃபான்ட்டில் அது இருக்கிறதா என்று கிளிஃப் பேனலில் (ஃபான்ட்டில் உள்ள எல்லா உருவங்களையும் காட்டும் பகுதி) தேடிப் பாருங்கள். பல ஃபான்ட்டுகளில் இருக்காது, கையால்தான் வரைய வேண்டிவரும்.

கல்வெட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் ராஜராஜன் காலத்து வரிகள் எழுத்து இடைவெளிக்குச் சிறந்த பாடம்: சொல்லுக்கிடையில் இடம் விடாமல், கல்லின் பட்டைக்குள் ஒரே நெருக்கத்தில் நீள ஓடுகின்றன. மாங்குளம் போன்ற இடங்களின் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்து பெரும்பாலும் கோடும் கோணமும். பிற்காலத்து வட்டெழுத்து அதற்கு நேர்மாறாக உருண்டையானது. இவற்றிலிருந்து கோட்டின் போக்கை எடுக்கலாம், எழுத்தை எடுக்கக் கூடாது. கல்வெட்டிலும் ஓலையிலும் பெரும்பாலும் புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடும் இல்லை. அப்படியே இன்றைய பெயரை எழுதினால் வாடிக்கையாளருக்கே படிக்க வராது. படம் எடுக்கக் காலை அல்லது மாலைச் சாய்வெயில் நல்லது, உச்சிவெயிலில் பள்ளம் தெரியாது. எழுத்துத் தெரிய வேண்டுமென்று சாக்பீஸோ மாவோ பூசாதீர்கள், கல்லுக்குக் கேடு. 'ஓலையில் எழுதியதால் தமிழ் எழுத்து வட்டமானது' என்பதையும் பிரசன்டேஷனில் கொஞ்சம் குறைக்கலாம். அதே ஓலையில் எழுதிய ட, ப இரண்டும் நேர்கோடுதான்.

ஃபான்ட்டுகளும் மாதிரிதான், பயன்படுத்துவதற்கு மட்டும் இல்லை. அனேக் தமிழ் வேரியபிள் ஃபான்ட்; அகலத்தை 75லிருந்து 125 வரை நகர்த்தலாம். ஸ்லைடரை இழுத்துக்கொண்டே 'ண', 'ணை', 'ஞ' மூன்றையும் கவனியுங்கள்: இடம் குறையும்போது சுழிகளை எந்த வரிசையில் நெருக்கியிருக்கிறார்கள் என்று புரியும். கேட்டமரன், முக்த மலர், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, தாரிக் அஸீஸின் கவிவனார் இவற்றில் ஒரே சொல்லைப் போட்டு வரிசையாக அடுக்கி, 'று', 'கு', 'டு', 'பு', 'து' ஐந்தையும் ஒப்பிடுங்கள். உகரம் தமிழில் ஒரே குறி இல்லை. ங, ச, ப, ய, வ இவற்றுக்குக் கீழே இறங்கும் கோடு. ஞ, ண, த, ந, ல, ற, ன இவற்றுக்கு வலப்பக்கம் ஏறிவரும் வளைவு. க, ட, ம, ர, ழ, ள ஒவ்வொன்றும் தனி வழி. ஒரு டிசைனர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது உகர வரிசையில்தான் தெரிந்துவிடும். புது ஃபான்ட் வாங்குவதற்கும் இதே சோதனைதான்.

சேர்த்த மாதிரியை வேலைக்குள் கொண்டுவருவது இப்படி. ஒரு படத்தை எடுத்து, மேலே டிரேசிங் தாள் வைத்து (ஐபேடானால் ஒரு லேயர்) கோட்டின் நடுவில் ஓடும் எலும்பை மட்டும் வரையுங்கள். தடிமன் வேண்டாம். பிறகு நான்கு அளவு குறித்துக்கொள்ளுங்கள்: எழுத்தின் உயரத்தில் கோட்டின் தடிமன் எத்தனை பங்கு, 'ப'வின் அகலம் உயரத்தில் எத்தனை பங்கு, நுனி எப்படி முடிகிறது, வளைவும் நேர்கோடும் சேரும் மூட்டு கூர்மையா உருண்டையா. இனி மாதிரியை மூடிவிடுங்கள். அதில் இல்லாத ஒரு சொல்லை, இந்த நான்கு அளவை மட்டும் வைத்து வரையுங்கள். தொடங்க நல்ல எழுத்துகள் ப, ட, வ, ன, க. 'ப' வந்தால் 'ம', 'ய' வரும். 'ன' வந்தால் 'ண', 'ள' வரும். 'க' வந்தால் 'ச', 'த' வரும். மாதிரியைத் திறந்துவைத்துக்கொண்டு வரைந்தால் கை தானாகக் காப்பியடிக்கும். இன்னொருவரின் இதழ்த் தலைப்போ பிராண்ட் எழுத்தோ என்றால் அது சட்டச் சிக்கலாகவும் ஆகும்.

இருமொழி லோகோவில் ஆங்கிலத்தின் உயரத்தோடு தமிழைப் பொருத்துவதைவிடக் கறுப்பை, அதாவது கோடுகள் சேர்ந்து தரும் அடர்த்தியை, பொருத்துங்கள். 'ண', 'ணை'யில் ஒரே அகலத்துக்குள் நான்கைந்து கோடுகள் நிற்க வேண்டும். ஆங்கிலத்தின் 'எச்'சில் இரண்டுதான். ஆங்கிலக் கோடு 100 என்றால் தமிழை 85 அல்லது 90இல் தொடங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். உயரத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்தைவிடக் கொஞ்சம் அதிகம், பேரெழுத்தைவிடக் குறைவு. வரி இடைவெளி எழுத்தளவில் ஒன்றரை மடங்கு. இல்லையென்றால் மேல்வரியின் 'ழு'வும் கீழ்வரியின் 'கீ'யும் இடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் செய்கிற மாதிரி எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைக்கிற பழக்கம் தமிழுக்கு ஆகாது. 'கொ' மூன்று துண்டாகப் பிரிந்து, கண் 'ெ'யைத் தனியாகப் படிக்கத் தொடங்கிவிடும். சாய்த்தால் இகரக் கொம்பு பக்கத்து எழுத்தின் புள்ளியில் மோதும். மென்பொருளின் போலி போல்டில் 'ஞ', 'இ' எழுத்துகளின் உள் இடைவெளிகள் அடைத்துவிடும்.

மென்பொருளில் 'ெ' எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, புள்ளிகளால் ஆன வட்டம் தெரிகிறது என்றால் ஃபான்ட்டின் மேல் பழி போடாதீர்கள். இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவில் அடோபி வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்ஸஸ், டைப் பகுதியில் இண்டிக் ஆப்ஷன்களை இயக்கி, பிறகு பாராகிராஃப் பேனலில் தெற்காசிய கம்போசரை எடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் வேர்ல்டு-ரெடி லேஅவுட். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் வந்த மேட்டரை யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். மாற்றியதும் 'ஸ்ரீ', 'க்ஷ', 'டீ' மூன்றையும் கண்ணால் சரிபாருங்கள். வேரியபிள் ஃபான்ட்டை அவுட்லைன் ஆக்கினால் உள்ளே கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பாத்ஃபைண்டரில் யுனைட் கொடுக்காமல் ஸ்ட்ரோக் போட்டால் அவை எல்லாம் வெளியே தெரியும்.

வரைந்து முடித்த தலைப்பை 3 செ.மீ. அகலத்தில் அச்செடுத்து, அந்தப் பெயரை முன்பின் கேட்காத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கையால் வரைந்த எழுத்தில் குழம்புகிற இடங்கள் பெரும்பாலும் இவைதான்: 'ர'வின் கால் சாயாமல் நேராக நின்றால் 'ா' ஆகிவிடுகிறது; 'ஔ' அகன்றால் 'ஒள' ஆகிறது; 'ே'வின் மேல்சுழி சிறுத்தால் 'ெ' ஆகிறது; 'ன'வில் ஒரு சுழி கூடிவிட்டால் 'ண'. படிக்கிறவர் ஒரு கணம் தயங்கினாலும், எந்த எழுத்தில் தயங்கினார் என்று கேட்டு அதை மட்டும் திருத்துங்கள். மற்றதைத் தொடாதீர்கள்.